மேல் கட்டளையும் கீழ்க்கட்டளையும்

கட்டளை என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறும். சிவன் கோயிலில் கேட்டால், யாரோ ஒரு புண்ணியவான் தன் சொந்த நிலத்தை எழுதிவைத்து அர்த்தசாம விளக்குக்கு எண்ணெய் வார்க்கச் செய்த ஏற்பாடு. மாதா கோயிலில் கேட்டால் மோசே மலையிலிருந்து கொண்டுவந்த பத்து. நீதிமன்றத்தில் கேட்டால் உத்தரவு. எங்கள் பக்கத்தில் கேட்டால் மேடவாக்கம் மெயின் ரோட்டில் கீழ்க்கட்டளை என்று ஒரு பஸ் ஸ்டாப்பு.

முதல் மூன்று கட்டளையும் இந்த நாலாவது கட்டளைக்கு வந்து சேர்வதே இல்லை. டெல்லியில் புறப்படும் உத்தரவு மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்கி, பல்லாவரம் தாண்டி, இருநூறடி ரோட்டில் ஏறியதும் வழி தவறிவிடும். விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாலும் எங்கள் தெருமுனையில் அது நிற்க இடம் கிடையாது. அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் எழுந்தருளிய தலபுராணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபலஸ்ருதி கடைசியில்.

தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதன் நிழலில் குப்பை. குப்பை இருந்தால் ஆண்பிள்ளைகளுக்கு அவசரம் வரும் என்பது நகரத்து விதி. எதிரே இருந்த அடுக்குமாடிச் சங்கத்தார் கூடிப் பேசி, சுவரில் டைல்ஸ் ஒட்டினார்கள். ஒரு பிள்ளையார், ஒரு சிலுவை, ஒரு பிறை. மூன்றும் ஒரே வரிசையில், ஒரே அளவில், இடுப்பு உயரத்தில். மும்மதமும் தோளோடு தோள் உரசி, ஊர்வலமில்லாமல், போலீஸ் பந்தோபஸ்து இல்லாமல் நிற்கும் இடம் இந்த நாட்டில் மூத்திரச் சுவர் ஒன்றுதான். ஒரு கழிப்பறை கட்டினால் தீர்ந்துவிடும் காரியத்துக்கு, அண்ட சராசரங்களைப் படைத்தவரை மூன்று பெயரிலும் காவலுக்குப் போட்டோம். ஆண்கள் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். பெண்கள் வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது எல்லா மதத்துக்கும் பொதுவான கட்டளை. அதற்கு டைல்ஸ் தேவைப்படவில்லை.

பிறகு ஒருநாள் காலை, டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஒரு செங்கல் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. மறுவாரம் செங்கல் போய்ப் பிள்ளையார் வந்தார். அவருக்கு இரண்டடிக்கு இரண்டடி மேடை. மழையில் நனைகிறாரே என்று மேலே தகரம். நாய் படுக்கிறதே என்று கிரில் கேட். கேட்டுக்குப் பூட்டு. பூட்டுக்குள் உண்டியல். உண்டியலுக்குக் கேமரா. கவனியுங்கள்: கேமரா சாமியைப் பார்க்கவில்லை, உண்டியலைப் பார்க்கிறது. சாமியைத் தூக்கிக்கொண்டு போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

நடைபாதை போயிற்று. கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் போட்டபோது ரோட்டில் கால்வாசியும் போயிற்று. பந்தலைப் பிரித்தார்கள், ரோடு திரும்பி வரவில்லை. ஆறு மாதத்தில் கோயிலின் முதுகில் ஒரு ஷட்டர் முளைத்தது. இப்போது அங்கே செல்போன் கடை. வாடகை யாருக்குப் போகிறது என்று கேட்டேன். “சாமிக்குத்தான் சார்” என்றார்கள். ஸ்கேனர் அட்டையில் இருந்த பெயர் சாமி பெயர் இல்லை.

அறநிலையத் துறை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதில் மட்டும் விழாக் குழுவுக்கு அபாரக் கவனம். துறை வந்தால் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வரும், சட்டம் வந்தால் கணக்கு வரும். சாமி கணக்குக் கேட்பதில்லை. சாமியிடம் அவர்களுக்கு மிகவும் பிடித்த குணம் அதுதான்.

இந்தியச் சட்டப்படி கோயில் மூர்த்தி ஓர் ஆள். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். ஆனால் ஆயிரம் வருஷம் ஆனாலும் அவர் மைனர். சார்பில் இன்னொருவர்தான் பேச வேண்டும். இதை வக்கீல் நண்பர் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மைனரை, அதிலும் பிரதிஷ்டையாகி மூன்று வாரமே ஆன பச்சைப் பிள்ளையை, சம்பளம் இல்லாமல், வார விடுமுறை இல்லாமல், இரவு பகலாக ஆக்கிரமிப்புக்குக் காவல் வைத்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் வராதா? நண்பர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தெருமுனையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், நடைபாதை இல்லாததால் தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களும் மைனர்கள்தான். அவர்கள் சார்பில் பேச யாரும் நியமிக்கப்படவில்லை.

2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை போட்டது. இனிமேல் தெருவிலோ பூங்காவிலோ வேறு பொது இடத்திலோ கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா என்ற பெயரில் அனுமதியில்லாத கட்டடம் எதுவும் எழும்பக் கூடாது. ஏற்கெனவே எழும்பியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாநிலங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த வழக்கில் மாநிலங்கள் ஒப்படைத்த கணக்கில் தமிழ்நாட்டின் எண் 77,450. நாட்டிலேயே முதலிடம். ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும் நமக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன. பெரியார் மண் என்று மேடையில் ஒருவர் முழங்க, ஆன்மிக மண் என்று எதிர் மேடையில் ஒருவர் முழங்க, இரண்டு மேடையும் புறம்போக்கில் நிற்கும் அதிசயத்துக்கு இதைவிட நல்ல புள்ளிவிவரம் கிடைக்காது. 2016இல் அதே நீதிமன்றம் பொறுமை இழந்து, இப்படிக் கட்டுவது கடவுளையே அவமதிப்பது என்ற பொருளில் சொல்லிப் பார்த்தது. 2018இல், கண்காணிக்கும் வேலையை உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. எங்கள் பிள்ளையார் இந்தக் கட்டளைகளுக்கெல்லாம் பிறகு பிறந்தவர். மேல் கட்டளை அவர் ஜாதகத்தில் இல்லை.

சாமிக்கு இந்த வட்டாரத்தில் வீடு இல்லாமலா போய்விட்டது? பரங்கிமலை உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. திருசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் இருக்கிறார். திருநீர்மலையில் ஆழ்வார் பாடிய பெருமாள் இருக்கிறார். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் பிற்காலத்தில் தர்காவாகி, பல்லவனின் பட்டப்பெயர்கள் வெட்டிய கல்லருகே ஊதுபத்தி மணக்கிறது. நங்கநல்லூரில் முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். இவர்களில் ஒருவராவது நடைபாதையில் நடப்பவனை இறக்கிவிட்டு ஏறி உட்காரவில்லை. அரசன் பாறையைத் தேடிப் போய்க் குடைந்தான். எங்கள் வார்டு வள்ளல் நாம் கால் வைக்கிற இடத்தைக் குடைகிறார்.

*

இனி ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணி. தெருவின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கி, மின்கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்த கரண்டில் எல்.ஆர். ஈஸ்வரி. அந்த அம்மாவின் குரல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அப்படிப்பட்ட குரலைத் தகர டப்பாவில் போட்டு உருட்டுகிற மாதிரி ஒலிக்கச் செய்வதற்குத் தனித்திறமை வேண்டும். எங்கள் சவுண்டு சர்வீஸ் தம்பியிடம் அது நிறைய இருக்கிறது.

எதிர்வீட்டில் கீமோ முடித்துவிட்டு முந்தின நாள்தான் ஒரு பெண் வந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் தலையணை. கட்டிலோரம் மாமியார் நின்றுகொண்டு, “அம்மன் பாட்டுத்தானே, நல்லதும்மா, கேளு” என்றார். சொல்லிவிட்டு அவரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். அவளுக்காகத்தான் அந்த மாமியார் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அம்மனுக்கு அந்த வேண்டுதல் கேட்டிருக்க வழியே இல்லை. அவ்வளவு சத்தம்.

இதற்கும் மேல் கட்டளை உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். அதே 2000இல், ஆகஸ்ட் 30 அன்று, உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம். வழக்கு நம் சென்னை வழக்கு. மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு சர்ச். ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிடாரோடு ஜெபம். பக்கத்தில் மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அடுத்தவன் நிம்மதியைக் கெடுத்து, கருவி வைத்து அலறித்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பாயிற்று. சர்ச் தோற்றது, ஆனால் அந்தத் தீர்ப்பு சர்ச்சுக்கு மட்டும் எழுதியதில்லை.

அந்த மாதவரத்திலிருந்துதான் சோழிங்கநல்லூருக்கு ஒரு மெட்ரோ பாதை போடுகிறார்கள். எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. தூண் வந்துவிட்டது, ரயிலும் ஒருநாள் வந்துவிடும். மாதவரத்தில் 2000இல் கிளம்பிய தீர்ப்பைத்தான் இன்னும் காணோம். நடந்து வந்திருந்தால்கூட இருபத்தைந்து வருஷத்தில் வந்து சேர்ந்திருக்கும். நடைபாதை இல்லாததால் எங்கோ நின்றுவிட்டது போலும்.

ஓர் ஆடி இரவு, பதினொன்றே முக்காலுக்கு, பொறுக்க முடியாமல் ஓர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம்.

“சார், ஸ்பீக்கர் சத்தம் தாங்கல.”

“எந்த ஏரியா?”

சொன்னேன்.

“கோயில் ஃபங்ஷனா?”

“ஆமாம்.”

கொஞ்சம் மௌனம். பிறகு, குரலைத் தாழ்த்தி, “சார் தப்பா நினைக்காதீங்க. நீங்க எந்த மதம்?”

மணி என்ன, டெசிபல் என்ன, அனுமதி இருக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. என் காது எந்த மதம் என்பதுதான் கேள்வி. இந்துக் காது என்றேன். “அப்புறம் என்ன சார், நம்ம சாமிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றது குரல். நான் வேறு பெயர் சொல்லியிருந்தால் மறுநாள் அது மதக்கலவர முயற்சி ஆகியிருக்கும். ஆக, சொந்த மதத்தானுக்குப் புகார் செய்யத் தகுதி இல்லை. அடுத்த மதத்தானுக்குப் புகார் செய்யத் துணிவு இல்லை. இருவருக்கும் தூக்கம் இல்லை. இதைவிடச் சமத்துவம் வேறெங்கே?

விழாக் குழுவிடம் போனால், “அவங்க தினமும் அஞ்சு வேளை போடறாங்களே, அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க” என்றார்கள். பள்ளிவாசல் பக்கம் தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்தால், “ரெண்டு நிமிஷ பாங்கு சார். அவங்க ஒரு மாசம் போடறாங்க” என்றார் ஒருவர். சுகமளிக்கும் கூட்டம் போடுகிற ஊழியக்காரரைக் கேட்டால், “எல்லாரும் போடறப்ப நாங்க மட்டும் மெதுவா ஜெபிச்சா ஜனங்களுக்கு எப்படிக் கேக்கும்?” என்றார். ஒவ்வொருவர் குற்றத்துக்கும் அடுத்தவர் குற்றம்தான் வக்கீல். மூன்று குழாயும் மூன்று திசையைப் பார்த்துக் கட்டியிருக்கின்றன. எது முதலில் இறங்கும் என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே எல்லாம் கம்பத்தில் தொங்குகின்றன. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தைக் கொடுக்கும்போதே பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், பொது சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று சேர்த்துத்தான் கொடுத்தது. நாம் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டோம். மீதியைப் பிரசாதத் தொன்னை மாதிரி ரோட்டில் போட்டுவிட்டோம்.

*

சத்தம் போடாத மதமும் ஒன்று இருக்கிறது. அது வாடகை வீட்டு வாசலில் குடியிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இரண்டு மாதமாகக் கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், நங்கநல்லூர் என்று வீடு தேடினார். நானும் கூடப் போனேன். நல்ல சம்பளம், சின்னக் குடும்பம், கேட்ட அட்வான்ஸ் கையில். வீட்டுக்காரர் காபி கொடுப்பார், மோட்டார் நேரம் சொல்வார், மாடியில் துணி காயப்போடும் இடம்வரை காட்டுவார். கடைசியில் பெயரைக் கேட்பார். நண்பர் இஸ்லாமியப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டுக்காரரின் மகன் கலிஃபோர்னியாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்துவிடுவான். இரண்டு மாதத்தில் நாங்கள் மட்டும் ஏழு மகன்களைத் தாயகம் சேர்த்தோம்.

தரகர் ஒருவர் இன்னும் கெட்டிக்காரர். மதம், சாதி எதுவும் கேட்க மாட்டார். “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்று மட்டும் கேட்பார். அதே கேள்வியைப் பறையர் வீட்டுப் பிள்ளையிடமும் கேட்பார், கிறிஸ்தவ நர்ஸிடமும் கேட்பார். “நாங்க சைவந்தாங்க” என்று அந்த நர்ஸ் பொய் சொன்னாலும் அடுத்த கேள்வி தயார்: “சொந்த ஊர் எது, குலதெய்வம் எது?” குலதெய்வம் ரேஷன் அட்டைக்கு மேலான ஆவணம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து நம் மெட்ரோ தூணுக்குக் கம்பி கட்டும் பிள்ளைகளுக்கு வீடு என்ற பேச்சே இல்லை, தகரக் கொட்டகை. அங்கே மட்டும் எல்லா மதமும் ஒரே குழாயடியில் குளிக்கிறது.

அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எரிச்சல். பிரதோஷம் தவறாதவர்கள், காக்கைக்குச் சோறு வைப்பவர்கள். எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறான் என்று நம்புகிறார்கள். மாடி போர்ஷனில் மட்டும் இருக்கக் கூடாது.

*

கீழ்க்கட்டளை ஏரிக்கரை அரச மரத்தடிக்கு வாருங்கள். இது ஓய்வுபெற்ற சாமிகளின் முதியோர் இல்லம். கண்ணாடி உடைந்த லட்சுமி, கரையான் அரித்த முருகன், நீர் கோத்த வேளாங்கண்ணி மாதா, மூக்கு உடைந்த கொலுப் பொம்மைகள், பிளாஸ்டிக் கவரில் முடிந்த காய்ந்த மாலை. சாமி படத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டால் பாவம் என்று பயந்தவர்கள் ஏரியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏரி சாமி இல்லை. அதனால் பாவம் இல்லை. ஒருநாள் காலை தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா, கையுறை இல்லாமல், கண்ணாடிச் சில்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். முருகனை எடுத்து, முந்தானையால் சேற்றைத் துடைத்து, மரத்தில் சாய்த்து வைத்தார். மூன்று மாதமாகச் சம்பளம் தாமதம் என்றார். விரலில் ரத்தம். அந்த வட்டாரத்தில் நான் அன்று பார்த்த ஒரே பூஜை அதுதான்.

இந்த ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்குப் போக வேண்டும், அது நிறைந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டோமே, அதே சதுப்பு நிலம். பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்துகொண்டு போன இருநூறடி ரோடு, வழியில் கால்வாயை மூடிய மனைகள், மனைகளுக்கு முன்னால் முதல் கல்லாக ஓர் அம்மன். தண்ணீருக்குச் சாமி பயம் கிடையாது. 2015 டிசம்பரில் அது எல்லாரையும் தேடி வந்தது. நம் புறநகர்த் தெருக்களில் படகு ஓடியது. சென்னை முழுக்கப் பள்ளிவாசலும் சர்ச்சும் கோயில் மண்டபமும் கதவைத் திறந்துவைத்தன. யாரும் யாரிடமும் குலதெய்வம் கேட்கவில்லை. சோற்றுப் பொட்டலம் கொடுத்த பையனின் பெயரைக் கேட்டு மகனைக் கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைத்தவர் ஒருவரும் இல்லை. மதம் என்றால் என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீர் நின்றால் தெரியும். தண்ணீர் வடிந்த மறுவாரம் மறந்துபோகும்.

அதே இருநூறடி ரோட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். ஊரே அழுதது. கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தன. எங்கள் தெருவில் கட்சி பேனர் நின்றுபோனது உண்மைதான். இப்போது வைப்பது ஆடித் திருவிழா பேனர். பத்தடி அகலத்தில் கை கூப்பிய வார்டு வள்ளல். சுற்றிலும் முட்டை வடிவத்துக்குள் தம்பிமார்கள். வலது மூலையில், கைக்குட்டை அளவில், அம்மன். யாருக்கு யார் அருள் பாலிக்கிறார் என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

*

ஃபலஸ்ருதி. போன வாரம் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தைத் தாண்டி வந்தேன். புதுத் தூண் ஒன்றின் அடியில், பச்சை கான்கிரீட் மணம் போகுமுன்பே, மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை, நடுவே குங்குமம், கீழே ஒரு எலுமிச்சம்பழம். செங்கல்லுக்கு முந்தைய கட்டம் இது. எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஆடிக்குள் தகரம் வந்துவிடும், அதற்கடுத்த ஆடிக்குள் ஷட்டர்.

“சாமி தூணிலும் இருப்பாரு, துரும்பிலும் இருப்பாரு சார்” என்றார் விழாக் குழுக்காரர், பல்லெல்லாம் தெரிய.

கதையைப் பாதியில் விடக் கூடாது. இரணியன் கடவுள் இல்லை என்று சொன்ன நாத்திகன் இல்லை. மூவுலகையும் ஆக்கிரமித்துக்கொண்டு, சாமி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டு, ஊரையே கும்பிடச் சொன்னவன். பத்தடி பேனர்காரன். பெற்ற பிள்ளை மெல்லிய குரலில், குழாய் இல்லாமல், செய்த தொழுகைதான் தூணுக்குள் கேட்டது. தூணைப் பிளந்துகொண்டு வந்தவர் உண்டியல் எங்கே என்று தேடவில்லை. இரணியனை வாசற்படிக்கு இழுத்துக்கொண்டு போய் மடியில் போட்டார்.

தூணுக்குப் பட்டை போட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால், அந்தத் தூண் பக்கம் முதலில் போகப் பயப்பட வேண்டியவர் யார் என்று பேனரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.